ஈயின் நெற்றி வடு: வீட்டு ஈ எந்தக் குடும்பத்துப் பிள்ளை?

தமிழில் ஓரெழுத்தில் முடிந்துவிடும் பெயர் ஈ. பெயர் சின்னது, அதற்குக் கீழே நாம் அடைத்து வைத்திருக்கும் கூட்டம் பெரியது. வீட்டு ஈ, மாட்டு ஈ, பழ ஈ, குருத்து ஈ, வெள்ளை ஈ, தேனீ என்று பறக்கிற எத்தனையோ பூச்சிகளோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தேனீக்கு இறக்கை நான்கு. அதன் சொந்தபந்தம் எறும்பும் குளவியும். தென்னை ஓலையின் அடிப்பக்கம் மாவு பூசியதுபோல் அப்பியிருக்கும் வெள்ளை ஈக்கும் இறக்கை நான்கு; அது அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் பங்காளி. மாங்காயைத் துளைத்து முட்டை வைக்கும் பழ ஈயும், கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் குட்டிப் பழ ஈயும் உண்மையான ஈக்கள்தான். அவையும் ஒன்றுக்கொன்று வேறு குடும்பம்.

அப்படியென்றால் சோற்றுத் தட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொள்கிறதே, அந்தச் சாம்பல் நிற ஈ யாருடைய பிள்ளை? விலங்கியல் அதை மஸ்கிடே என்ற குடும்பத்தில் வைத்திருக்கிறது. வீட்டு ஈயின் அறிவியல் பெயர் மஸ்கா டொமஸ்டிகா. குடும்பத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த மஸ்காதான். அதனால் மஸ்கிடே என்றால் வீட்டு ஈயும் அதன் சாயலில் இன்னும் நாலைந்து ஈக்களும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உலகம் முழுக்க இதுவரை பெயரிடப்பட்ட மஸ்கிடே சிற்றினங்கள் 5,000-க்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒருநாளும் மனிதன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. நமக்குத் தெரிந்த ஈயை வைத்து அந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது. குடும்பத்தைப் பார்த்தால்தான் நமக்குத் தெரிந்த ஈயே புரியும்.

சன்னல் விளிம்பில் செத்துக் காய்ந்து கிடந்த ஓர் ஈயை வெள்ளைக் காகிதத்தில் எடுத்துவைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸின் கீழ் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நீளம் ஆறேழு மில்லிமீட்டர். முதுகில், கரியால் இழுத்ததுபோல் நான்கு கோடுகள். இறக்கை இரண்டு. அந்த இறக்கைகளுக்குப் பின்னால், பின்னிறக்கை முளைத்திருக்க வேண்டிய இடத்தில், காம்பும் முனையில் ஒரு மணியுமாகச் சிறு உறுப்பு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக நிற்கிறது. பின்னிறக்கை சுருங்கிச் சுருங்கி ஆன மிச்சம் அது. சமன்படுத்தி என்று சொல்லலாம். பறக்கும்போது இறக்கை கீழே போனால் இது மேலே போகும். இறக்கை மேலே வந்தால் இது கீழே இறங்கும். உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இதன் அடியில் உள்ள உணர் நரம்புகளுக்கு உடனே தெரிந்துவிடும். நாம் கையை ஓங்கும்போது ஈ நொடியில் திரும்பிப் பறக்கிறதே, அந்தத் திருப்பத்துக்கு இது இல்லாமல் முடியாது. இதை எடுத்துவிட்டால் ஈ நிலைதடுமாறி விழுந்துவிடும்.

இரண்டு இறக்கை, இரண்டு சமன்படுத்தி. இதுதான் டிப்டெரா என்ற வரிசையின் முத்திரை. இரண்டு இறக்கை என்பதே அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே புழங்கிய சொல். கொசு, குதிரை ஈ, பழ ஈ, நெல்லில் வெங்காய இலை போன்ற குழலை உண்டாக்கும் ஆனைக்கொம்பன் என்று பெயரிடப்பட்டவை மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். தேனீயும் வெள்ளை ஈயும் இந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட சிஸ்டமா நேச்சுரே நூலின் பத்தாம் பதிப்பில்தான் வீட்டு ஈக்கு இன்றைய பெயர் வந்தது. ஆனால் அவருடைய மஸ்கா ஒரு பெரிய சந்தை மடம். வீட்டு ஈ, இறைச்சியில் முட்டையிடும் நீல ஈ, சதை ஈ, செர்ரிப் பழத்தைத் துளைக்கும் ஈ, பூவின் மேல் அந்தரத்தில் நிற்கும் பூ ஈ எல்லாம் அங்கே மஸ்காதான். அதே சமயம், மாட்டின் காலில் கடித்து இரத்தம் குடிக்கும் தொழுவ ஈயை அவர் மஸ்காவுக்கு வெளியே, கோனாப்ஸ் என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். வாய் வேறு மாதிரி இருந்ததே காரணம். இன்று பார்த்தால் இரண்டுமே தலைகீழ். உறவில்லாதவர்களை ஒரே வீட்டில் குடிவைத்து, கூடப்பிறந்ததை வெளியே நிறுத்தியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. உருவமும் வாயும் உண்ணும் உணவுக்கு ஏற்ப விரைவாக மாறிவிடும் என்பதைக் கண்டுகொள்ள இன்னும் நூறாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

அவருக்குப் பின் வந்த பூச்சியியலாளர்களில் பெப்ரிசியஸ் வாயுறுப்புகளை வைத்தும், மெய்கன் இறக்கை நரம்புகளையும் உணர்கொம்பையும் வைத்தும் அந்த மடத்தைக் காலி செய்யத் தொடங்கினார்கள். மஸ்கிடே என்ற குடும்பப் பெயர் 1802-இல் பிரெஞ்சுக்காரரான லாத்ரேயின் கையிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்த பாதிரியார் அவர்; சிறையறைத் தரையில் அரிய வண்டு ஒன்றை அடையாளம் கண்டு சொன்னதால் உயிர் தப்பியவர். நம் நாட்டுக் கல்லூரி விலங்கியலில் வெகுகாலம் ஓதப்பட்ட மஸ்கா நெபுலோ என்ற பெயர் பெப்ரிசியஸ் வைத்தது. இப்போது அதை மஸ்கா டொமஸ்டிகாவுக்குள்ளேயே அடக்கிவிடுகிறார்கள்.

லென்ஸுக்குத் திரும்புவோம். ஈயின் முகத்தில், இரு கண்களுக்கும் நடுவே, குட்டையான உணர்கொம்புகள் தொங்குகின்றன. கொசுவின் உணர்கொம்பு நீண்டு, கணுக்கணுவாக இருக்கும். ஈக்கு அது மூன்று துண்டாகக் குறுகி, கடைசித் துண்டில் இறகு போல் கிளைத்த ஒரு மயிர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. கொசுவின் கிளையும் ஈயின் கிளையும் பிரியும் இடம் இது. உணர்கொம்புக்கு மேலே, கவிழ்த்துவைத்த ‘ப’ போல ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. முதல் தடவை பார்ப்பவர்கள் அதைச் சுருக்கம் என்று விட்டுவிடுவார்கள். என் கணக்கில், இந்த உடம்பிலேயே மிக அரிய செய்தி அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. அது ஒரு வடு, ஈ பிறந்த நாளில் ஏற்பட்டது.

ஈயின் புழு மூன்று பருவம் வளரும். பிறகு மற்றப் பூச்சிகளைப் போலப் பழைய தோலைக் கழற்றி எறியாது. அந்தத் தோலையே சுருக்கி, கெட்டியாக்கி, பழுப்பு நிறப் பீப்பாய் போல் ஆக்கிக்கொண்டு அதற்குள் கூட்டுப்புழுவாகிறது. வெயில் காலத்தில் சில நாளிலேயே உள்ளே ஈ தயாராகிவிடும். ஆனால் வெளியே வருவது எப்படி? பீப்பாய் கெட்டி, கடிக்கப் பல் இல்லை, கால்கள் உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. அப்போது ஈ உடம்பிலுள்ள திரவத்தை எல்லாம் தலைக்கு ஏற்றுகிறது. நெற்றி பிளக்கிறது, உள்ளிருந்து வெண்மையான ஒரு பை பலூன் போல் ஊதிக்கொண்டு வெளியே வருகிறது. அது மோத மோதப் பீப்பாயின் முனை வட்டமான மூடியாகத் திறந்துகொள்கிறது.

எருக்குழி ஓரத்தில் ஒரு காலை நேரம் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளிறிய சாம்பல் நிறத்தில், இறக்கை கசங்கிய காகிதமாய் முதுகில் ஒட்டியிருக்க, ஓர் ஈ சாணப்பொடிக்குள்ளிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. நெற்றி வீங்குகிறது, வடிகிறது, மறுபடி வீங்குகிறது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் முன்னால் கிடந்த பொடி சற்று விலகுகிறது. மேலே வந்ததும் வேகமாக நடந்தது. கொஞ்ச நேரத்தில் இறக்கை விரிந்தது. அந்தப் பை பிறகு தலைக்குள் போய் ஒடுங்கிவிடும்; வாழ்நாளில் மறுபடி வெளியே வராது. திறந்து மூடிய தழும்பு மட்டும் நெற்றியில் நின்றுவிடும்.

வட்ட மூடி திறந்து பிறப்பவை சைக்ளோராபா. மாட்டைக் கடிக்கும் பெரிய குதிரை ஈயின் கூடு நேர்க்கோட்டில் வெடிக்கும். ஆகவே அது இதில் சேராது. வட்ட மூடியோடு நெற்றிப் பையும் உள்ளவை ஸ்கைசோபோரா. லின்னேயஸ் மஸ்கா என்று சொன்ன பூ ஈக்கு வட்ட மூடி உண்டு, நெற்றி வடு கிடையாது. அது இங்கே கழன்றுகொள்கிறது. நெற்றி வடு உள்ள கூட்டம் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டி, மளமளவென்று கிளைத்துப் பெருகியதாக 2011-இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. இறந்த உடல், சாணம், அழுகல், செடி, பிற பூச்சி என்று எதிலும் புழு வளர்க்கத் துணிந்த கூட்டம் இது.

அடுத்த அடையாளம் இறக்கையின் அடியில் இருக்கிறது. சமன்படுத்தியை மூடினாற்போல் வெண்மையான ஒரு மடல். வாழைப்பழத்துக் குட்டி ஈக்கு இந்த மடல் வளரவில்லை. வீட்டு ஈக்கும் நீல ஈக்கும் நன்றாக வளர்ந்திருக்கிறது. இந்த மடல் உள்ளவற்றைக் கலிப்ட்ரேட்டே என்கிறார்கள். அதற்குள்ளே ஒரு பெருங்குடும்பம், பெருங்குடும்பத்துக்குள்ளே மஸ்கிடே. நீல ஈ, பச்சை ஈ, சதை ஈ இவற்றுக்கெல்லாம் மார்பின் பக்கவாட்டில், பின்காலுக்குச் சற்று மேலே, வரிசையாகத் தடித்த முள்மயிர்கள் இருக்கும். மஸ்கிடேக்கு அந்த இடம் வெறுமை. இறக்கையின் பின்னோரத்து நரம்பு ஒன்று மஸ்கிடேயில் ஓரத்தைத் தொடாமல் பாதியில் நின்றுவிடும். அண்டைக் குடும்பமான ஆந்தோமியிடேயில் ஓரம் வரை ஓடும். மயிரும் நரம்புமாகப் பிடித்துக்கொண்டு குடும்பம் பிரிப்பது சிலருக்கு வீண் வேலையாகத் தெரியலாம். தடயவியலில் பிணத்தின் மேல் ஊரும் புழு எந்தக் குடும்பம் என்பதில்தான் இறந்த நேரத்தின் கணக்கு நிற்கிறது.

விளக்குக்குக் கீழே, கூடத்தின் நடுவில், கோடு போட்டதுபோல் திரும்பித் திரும்பிப் பறந்துகொண்டே இருக்கும் மெல்லிய ஈ ஒன்றைக் குளிர்ப் பிரதேசத்து வீடுகளில் காணலாம். சின்ன வீட்டு ஈ என்றே பெயர். அது ஃபானியா. முதுகுக் கோடு மூன்றுதான். வீட்டு ஈயின் இறக்கையில் நடு நரம்பு நுனிக்குச் சற்று முன் முழங்கை மடங்கியதுபோல் வெட்டி வளையும். ஃபானியாவுக்கு அப்படி வளையாது. புழுவோ தட்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். நீண்டகாலம் மஸ்கிடேக்குள் ஒரு கிளையாக இருந்த இதைத் தனிக்குடும்பமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழ் வாழ்வது உறவுக்குச் சான்று ஆகாது.

எதுதான் சான்று? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவரே ஓர் ஈ ஆராய்ச்சியாளர் என்பதை நான் பெருமையோடு சொல்வேன். வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியர், 1945-இல் இத்தாலியில் பிரிட்டிஷாரின் போர்க்கைதியாக இருந்தபோது ஒரு கையெழுத்துப் படியை எழுதினார். 1950-இல் அது நூலானது. அதில் அவர் சொன்னதை நம் ஊர் மொழியில் இப்படிச் சொல்லலாம்: ஒரு பாட்டனுக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் உள்ளே இருந்தால்தான் அது குடும்பம். ஒருவன் நிறம் மாறிவிட்டான் என்று அவனை விட்டுவிட்டு மீதிப் பேரை மட்டும் குடும்பம் என்று எழுதக்கூடாது. அதேபோல், பாட்டனுக்கு முன்பிருந்தே எல்லோரிடமும் இருந்த பழைய சாயல் செல்லாது. அந்தப் பாட்டனிடம் புதிதாகத் தோன்றி அவன் வழியில் மட்டும் இறங்கிய சாயல்தான் செல்லும். இன்று உயிரின வகைப்பாடு முழுவதுமே இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஹென்னிக் இதைத் தன் கையால் பொருத்திப் பார்த்த இடங்களில் ஒன்று வீட்டு ஈயின் குடும்பம். 1965-இல் மஸ்கிடேயின் உட்கிளைகளை இந்த முறையில் அடுக்கி ஆய்வு வெளியிட்டார்.

ஆப்பிரிக்காவின் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நீட்டிய குத்தும் மூக்கு, இரத்தம் குடிக்கும் பழக்கம். பார்த்தால் தொழுவ ஈயின் அண்ணன் போலிருக்கும். மஸ்கிடேயில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் செட்சி முட்டையிடுவதில்லை. ஒரே ஒரு புழுவைத் தன் வயிற்றுக்குள் பால்போன்ற சுரப்பு கொடுத்து வளர்த்து, முழுதாக வளர்ந்தபின் ஈனுகிறது. நாயின் காதிலும் மாட்டின் தொடையிடுக்கிலும் தட்டையாக ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும் நாய் ஈயும் அப்படித்தான் ஈனும். இரத்தம் குடிக்கும் மூக்கு ஈக்களின் வரலாற்றில் பல தடவை தனித்தனியாகத் தோன்றிய சாயல். புழுவை ஈனும் வயிறு வம்சச் சாயல். செட்சி தனிக்குடும்பமாகி, நாய் ஈயின் பக்கம் போய்ச் சேர்ந்தது.

பெருங்குடும்பத்திலும் விரிசல் விழுந்திருக்கிறது. மஸ்கிடே, ஃபானிடே, ஆந்தோமியிடே, சாணி ஈக்களின் ஸ்கத்தோஃபாகிடே நான்கையும் சேர்த்து மஸ்காய்டியா என்று எழுதுவது வழக்கம். நீல ஈக்கும் சதை ஈக்கும் எதிர்ப்பக்கத்தில் வேறொரு பெருங்குடும்பம். நான்கு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களையும் நான்கு உட்கரு மரபணுக்களையும் ஒப்பிட்ட 2008 ஆய்வு வேறு படம் காட்டியது. ஆந்தோமியிடேயும் சாணி ஈயும் வீட்டு ஈயைவிட நீல ஈயின் கூட்டத்துக்கு நெருக்கம். அதாவது எதிர்ப்பக்கம் என்று நினைத்தது, இந்தப் பக்கத்துக்கு உள்ளிருந்தே கிளைத்திருக்கிறது. ஹென்னிக்கின் கணக்கில் மஸ்காய்டியா குடும்பமே அல்ல. பாடநூல்களிலும் காட்சியகப் பெட்டிகளிலும் அந்தப் பெயர் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. பழகிய பெயர் என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மஸ்கிடே மட்டும் இந்தச் சோதனையில் தேறி நிற்கிறது.

இனி அந்தக் குடும்பத்துக்குள் போவோம். தொழுவ ஈ, ஸ்டோமாக்சிஸ் கால்சிட்ரன்ஸ், முதலில். “ஈ கடிக்குது” என்று மாட்டுக் கொட்டகையில் யாராவது சொன்னால் கடித்தது பெரும்பாலும் இதுதான். வீட்டு ஈக்குக் கடிக்க வாய் இல்லை. அதன் வாய் ஒரு பஞ்சு, எச்சிலைக் கக்கிக் கரைத்து உறிஞ்சத்தான் தெரியும். தொழுவ ஈயை உட்காரும்போது பார்த்தாலே தெரியும்: தலைக்கு முன்னால் ஊசி போல் கறுத்த மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கொசுவில் பெண் மட்டும். இதில் ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். மாடு ஓயாமல் காலை உதறுகிறது என்றால் முழங்காலுக்குக் கீழே பார்க்க வேண்டும். சர்க்கரை கலந்த மருந்து வைத்து ஈயைக் குறைத்தும் மாடு உதறுவது நிற்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சர்க்கரைக்கு வந்து செத்தது வீட்டு ஈ. இரத்தம் தேடும் தொழுவ ஈயை அந்த மருந்து பெரிதாகத் தொடாது. மூத்திரத்தில் ஊறிய வைக்கோலை வாரி அப்புறப்படுத்தினால்தான் அது குறையும்.

வீட்டு ஈயின் பேரினத்திலேயே மஸ்கா சார்பென்ஸ் என்றொரு சந்தை ஈ. நான்கு கோட்டுக்குப் பதில் முதுகில் இரண்டு பட்டை. குழந்தைகளின் கண்ணோரத்து நீரைத் தேடி வரும். கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா தொற்று பரவுவதில் இதற்குப் பங்கு உண்டு. வெட்டவெளியில் கிடக்கும் மனித மலம்தான் இதற்கு மிக உகந்த இடம். மூடிய கழிப்பறைக் குழிக்குள் இது பெருகுவதில்லை. எனவே கழிப்பறை கட்டினால் இந்த ஈ குறையும். குப்பையில் பெருகும் வீட்டு ஈ அதனால் மட்டும் குறையாது. எந்த ஈ என்று பெயர் சொல்லத் தெரியாதவர்கள் “ஈ இன்னும் மொய்க்கிறது” என்று எழுதிவிட்டால், பலன் தந்த திட்டம் தோற்றதாக ஆகிவிடும்.

குடும்பத்தில் வேட்டைக்காரர்களும் இருக்கிறார்கள். சீனோசியா அட்டெனுவேட்டா என்ற மூன்று மில்லிமீட்டர் ஈ, பசுமைக்குடில்களில் இலை நுனியில் காத்திருந்து, பறந்து போகும் வெள்ளை ஈயை அந்தரத்திலேயே பிடித்துக் குத்திக் குடிக்கும். கலபாகஸ் தீவுகளில் வெளியிலிருந்து வந்து குடியேறிய ஃபிலோர்னிஸ் டவுன்சி, டார்வினின் குருவிக் கூடுகளில் முட்டையிடுகிறது. புழுக்கள் குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சிக் கொன்றுவிடுகின்றன.

நம் மண்ணுக்கு மிகவும் நெருங்கியது இவற்றில் எதுவும் இல்லை. சோளக் கொல்லையின் குருத்து ஈ, அதெரிகோனா சொக்கேட்டா, வீட்டு ஈயின் குடும்பம் என்று சொன்னால் சோளம் போடுகிறவர்களே வியப்பார்கள். வீட்டு ஈயில் பாதி உருவம். பயிர் முளைத்து ஒரு வாரத்தில் தொடங்கி ஒரு மாதம் வரை, இலையின் அடிப்பக்கம் நீளவாக்கில் வெள்ளை முட்டையைத் தனித்தனியாக ஒட்டிவைக்கும். பொரித்த புழு பனி ஈரம் உள்ள நேரத்தில் இலை வழியே இறங்கிக் குருத்துக்குள் புகுந்து வளர்நுனியை அறுக்கிறது. நடுக்குருத்து வாடிக் காய்கிறது. பிடித்து இழுத்தால் நோகாமல் கையோடு வந்துவிடும். அடி நுனியை முகர்ந்தால் அழுகல் நாற்றம் அடிக்கும். கம்பிலும் சாமையிலும் பனிவரகிலும் இதே பேரினத்தின் வேறு சிற்றினங்கள் இதே வேலையைச் செய்கின்றன.

அந்த நாற்றத்தில்தான் குடும்பம் தெரிகிறது. தண்டுத் துளைப்பான் புழு பச்சைத் தண்டைத் தின்னும். குருத்து ஈயின் புழு அறுத்துவிட்டுக் காத்திருந்து, அழுகும் திசுவைத் தின்கிறது. எருக்குழியில் அழுகலைத் தேடிப் போகும் பங்காளியின் வாய்தான் இதற்கும். அழுகலைத் தானே உண்டாக்கிக்கொள்ளக் கற்றது ஒன்றுதான் வேறுபாடு. வளர்ந்த ஈயும் செடியின் வாசத்தைவிட மீன் வாசத்துக்கு ஓடிவரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோளத்துக்குப் பரிந்துரைக்கும் கருவாட்டுப் பொறி இதை வைத்துச் செய்ததுதான்: ஹெக்டேருக்கு 12 பொறி, பயிருக்கு 30 நாள் ஆகும் வரை. பயிரைத் தின்னும் பூச்சிக்குக் கருவாடு எதற்கு என்று கேட்பவர்கள், பொறிக்குள் விழுந்து கிடப்பதில் ஒன்றை எடுத்து லென்ஸின் கீழ் வைத்துப் பார்க்கட்டும். உணர்கொம்புக்கு மேலே, கவிழ்த்த ‘ப’ போல அதே வடு இருக்கும். மார்பின் அந்த இடத்தில் முள்மயிர் வரிசை இருக்காது.